ஸம்றா மொழிபெயர்த்த இரண்டு பக்கங்கள்

மருதமுனை அப்துல் ஸமட்டின் மகள் ஸம்றா ரஷ்யாவில் கஸான் நகரத்தில் மூன்று வருடம் வைத்தியம் படித்தாள். டொக்டராகவில்லை. அதனால்தான் ஊர் அவளுக்கு ‘ரஷ்யா டொக்டர்’ என்று பெயர் வைத்தது. கல்முனைச் சந்தையில் மரக்கறி விற்பவர்கூட, “டொக்டருக்கு என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். இருபது வருடமாக அந்தச் சிமிட்டலைக் காணும்போதெல்லாம் அவளுக்கு வாயில் புளித்த நீர் ஊறும். வெண்டிக்காய்களை ஒடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டு நடப்பாள்.

அவளை அனுப்பியது வாப்பாதான். ஆண்கள் உடுக்கும் கைத்தறிச் சாரம் விற்றுச் சேர்த்த காசு. பொம்பிளைப் பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று உறவினர்கள் கேட்டபோது, “கஸான்ல தாத்தார் முஸ்லிம்கள் இரிக்காங்க. பாங்கு கேக்கும். நம்மட சனம்தான்” என்று அப்துல் ஸமட் வாயை அடைத்துவிட்டார். 2003ஆம் ஆண்டு புரட்டாதி மாதம், பத்தொன்பது வயதில், கொழும்பில் பழைய உடுப்புக் கடையில் வாங்கிய ஆண்களின் குளிர்ச்சட்டையோடு ஸம்றா போய் இறங்கினாள்.

முதல் ஆறு மாதம் அவளுக்கு ரஷ்யா என்றால் நாற்றம்தான். விடுதிச் சமையலறையில் மூன்று நாள் ஆறிய முட்டைக்கோவா சூப்பின் நாற்றம், ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நாற்றம், மின்தூக்கிக்குள் யாரோ குடித்துவிட்டுக் கழித்த மூத்திரம். எதைச் சமைத்தாலும் சதகுப்பை இலையை வெட்டித் தூவினார்கள். புதுவருடத்துக்கு ஒரு பதார்த்தம் வைத்தார்கள்: உப்பில் ஊறிய பச்சை மீன், அதன்மேல் பீற்றூட், அதன்மேல் தடித்த மயோனைஸ். கடற்கரையில் பிறந்தவள் மீனை அந்தக் கோலத்தில் கண்டதில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தவள் கழிவறைக்கு ஓடினாள்.

ஆனால் மொழி அவளைப் பிடித்துக்கொண்டது. அங்கே மரியாதையாக ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். விடுதி வாசலில் கதவுத் திறப்புக் கொத்தோடு இருந்த காவல்காரி நீனா பாவ்லவ்னா முதல் நாளே கடவுச்சீட்டைப் பார்த்து, “ஸம்றா ஸமதவ்னா” என்று அழைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. வாப்பாவின் பெயர் தன் பெயருக்குப் பின்னால் அப்படி ஒட்டிக்கொண்டு வருவது ஸம்றாவுக்குப் பிடித்திருந்தது. நடந்து போவதற்கு ஒரு வினை, வாகனத்தில் போவதற்கு இன்னொன்று, போய்த் திரும்பி வருவதற்கு வேறொன்று என்று ரஷ்ய மொழி பிரித்து வைத்திருந்ததை இரவிரவாக எழுதிப் பாடமாக்கினாள்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை, 2004 மார்கழியில், அவள் நீனா பாவ்லவ்னாவின் சிறிய அறையில் நின்றாள். தொலைக்காட்சியில் காட்டிய பனைமரங்கள் எந்த நாட்டுடையவை என்று முதலில் விளங்கவில்லை. செய்தி வாசிப்பவர் ‘ஸ்ரீ லங்கா’ என்றதும் காவல்காரி எழுந்து கதவைச் சாத்தி, விடுதித் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். நான்கு நாள் கழித்துத்தான் உம்மா சரீபாவின் குரல் கேட்டது. வாப்பா கடை திறக்கப் போனவர். சாரக் கட்டுகள் சில கிடைத்தன, அவர் கிடைக்கவில்லை.

உம்மா வரச் சொன்னா. ஸம்றா வரவில்லை. படிப்பை எப்படியாவது முடிக்கலாம் என்று நினைத்து விடுதி நடைபாதைகளைக் கழுவினாள். சந்தையில் ஃபரீதா என்ற தாத்தார் பெண்ணின் கடையில் கம்பளிக் காலுறை விற்றாள். ஃபரீதா அவளைவிட ஐந்து வயது மூத்தவள். சத்தமாகச் சிரிப்பாள், தொழுகையைத் தவறவிட்டுவிட்டுத் தஸ்பீஹ் மணியை உருட்டுவாள். மதியம் உருளைக்கிழங்கு வைத்த முக்கோணப் பணியாரத்தைப் பாதி பிய்த்துக் கொடுப்பாள். வகுப்பறை ரஷ்ய மொழி வேறு, சந்தை ரஷ்ய மொழி வேறு. பேரம், ஏச்சு, பகிடி, காவல்துறைக்காரனுக்கு முன்னால் பேசும் பணிந்த பேச்சு எல்லாவற்றையும் ஸம்றா அந்தக் கடையில்தான் பிடித்தாள். ஆனாலும் காலுறை விற்று மருத்துவம் படிக்க முடியவில்லை. 2006இல், மூன்றாம் வருடத்தோடு, ஊருக்கு வந்தாள்.

வந்த பிறகு பெண் கேட்டு வந்தவர்கள், அவள் அங்கே யாரோடு தங்கியிருந்தாள் என்று சுற்றி வளைத்து விசாரித்தார்கள். ஒரு மாப்பிள்ளை நேரடியாகவே, “அங்கத்தப் பொம்புளயள் எப்பிடியாம்?” என்று அவளிடமே கேட்டான். அவனுக்கு வைத்த தேநீரை ஸம்றா எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் ஊற்றினாள். கடைசியில் முப்பது வயதில் பளீலைக் கட்டினாள். கல்முனைப் பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஃபோட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்த அமைதியான மனிதர். ரஷ்யாவைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, அங்கே கடதாசி ஈரமாகுமா என்பதுதான்.

கடையின் பின்பகுதியில் கணினி மேசை போட்டு ஸம்றா மொழிபெயர்ப்பு வேலை தொடங்கினாள். ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் சான்றிதழ்கள், அறுகம்பேயில் மோட்டார் சைக்கிளில் மோதிக் கால் முறிந்த ரஷ்யப் பயணியின் வைத்தியசாலைக் கடதாசி, அப்படி வரும். மொழிபெயர்த்த பக்கத்தின் அடியில் தன் பெயரும் கையெழுத்தும் கொண்ட நீல முத்திரையைக் குத்துவாள்.

மசூர் ஹாஜியார் கடைக்கு வந்தது 2023ஆம் ஆண்டின் கடைசியில். வெளியூர்க்காரர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்புபவர். வெள்ளை உடுப்பு, அத்தர் வாசம், யாரையும் நோகடிக்காத குரல். தேநீர் குடித்துவிட்டு விரல் ஒவ்வொன்றையும் கடதாசியால் துடைத்து, அந்த ஈரக் கடதாசியைக் கோப்பைக்குள்ளேயே திணித்து வைப்பார். அவர் போன பிறகு அதை விரல் நுனியால் தூக்கி எறிவது ஸம்றாவின் வேலை.

“ரஷ்யாவுல முகாம்ல குசினி வேலை தங்கச்சி. மரக்கறி வெட்டுற, சாமான் ஏத்தி இறக்குற. ஒப்பந்தத்துல முன்னுக்கு இரிக்கிற ரெண்டு பக்கத்தையும் தமிழ்ல அடிச்சுத் தந்தாப் போதும். போற புள்ளயள் வாசிச்சிட்டுப் போகணும் எல்லா.”

“மிச்சப் பக்கம்?”

“அது சும்மா சட்டம். எல்லா ஒப்பந்தத்துலயும் இரிக்கிறதுதானே.”

அவர் தந்தது இரண்டு பக்கங்கள்தான். மேல்மூலையில் ‘பதினொன்றில் ஒன்று’, ‘பதினொன்றில் இரண்டு’ என்று ரஷ்ய மொழியில் இருந்தது. ஸம்றா அதைக் கண்டாள். கண்டுவிட்டும் மொழிபெயர்த்தாள். சமையற்கூட உதவியாளர், உணவும் உடையும் இலவசம், ஒரு வருடம். ஏழு பேருக்கு ஏழு பிரதி. ஏழிலும் நீல முத்திரை.

மூன்று கிழமை கழித்துக் காரைதீவிலிருந்து கிருஷாந்தன் வந்தான். அந்த ஏழு பேரில் ஒருவன், மேசன் வேலைக்காரன். கட்டார் போய் வந்தவன். பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதால் மசூர் அவன் கையில் முழு ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்காகக் கொடுத்திருந்தார்.

“அக்கா, ஒன்பதாம் பக்கத்தில ஒரு கோடு வெறுமையாக் கிடக்கு. ஹாஜியார் வீட்டு விலாசத்த எழுதச் சொன்னவர். என்ட விலாசமா, மனுசிட தாய் வீட்டு விலாசமா எண்டு விளங்கல்ல. பொஞ்சாதி யதுசா இப்ப தாயோடதான் இரிக்கா.”

ஸம்றா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டுக்கு மேலிருந்த வரியை வாசித்தாள். மரணம் நேர்ந்தால் உடலை அனுப்ப வேண்டிய முகவரி.

மறுபடி வாசித்தாள். பிறகு மூன்றாம் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு வரியாக வந்தாள். ஆயுதப் படையில் இராணுவ சேவை. தளபதி அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். இடையில் விலக முடியாது. அவள் பாடமாக்கிய அதே இலக்கணம்தான். ஓர் எழுத்துப் பிழை இல்லை. யாரோ நன்றாகப் படித்தவர், ஒரு மேசையில் இருந்து, தேநீர் குடித்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அந்தத் துப்புரவான வசனங்கள்தான் அவளுக்கு நாறின. நெஞ்சுக்குள்ளிருந்து விடுதி மின்தூக்கியின் நாற்றம் எழும்பி வருவது போலிருந்தது.

“என்னக்கா, ஆர்ர விலாசம்?”

“ஒண்டும் எழுதாத தம்பி” என்றாள். பிறகு அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

கிருஷாந்தன் நாற்காலியில் நிமிர்ந்து இருந்தான். “நீங்க முத்திரை குத்தின கடதாசியில இது இல்லையே” என்றான். குற்றம் சாட்டவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டான்.

“எனக்கு ரெண்டு பக்கம்தான் தந்த. மிச்சத்தை நான் கேட்டு வாங்கல்ல.”

அன்று பின்னேரமே மசூர் கடைக்கு வந்தார். கிருஷாந்தன் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. பளீல் கொப்பி மெசினை நிறுத்திவிட்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றார்.

“தங்கச்சி, அந்த நாட்டுச் சட்டப்படி முகாமுக்குள்ள போற எல்லாருக்கும் அந்த ஒப்பந்தம்தான். சமையல்காரனுக்கும் அதுதான். நம்மட ஆக்கள் தோக்குத் தூக்கிச் சுட மாட்டாங்க.”

“அப்ப மய்யித்து அனுப்புற விலாசம் என்னத்துக்கு?”

“மௌத்து எங்க வந்தாலும் வரும். அது அல்லாட நாட்டம்.”

“அல்லாட பேர இதுக்குள்ள இழுக்காதீங்க.”

மசூர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து கடதாசி எடுத்து, தேநீர் குடிக்காமலே விரல்களைத் துடைத்தார். “ஒங்கட முத்திரையும் அதுலதான் இரிக்கி, தங்கச்சி. மறந்திராதீங்க” என்று அதே மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார். அத்தர் வாசம் வெகுநேரம் கடைக்குள் நின்றது. ஸம்றா கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மேசையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். கழுவிய பிறகும் தன் கையை மணந்து பார்த்தாள்.

கிருஷாந்தன் விட்டுப்போன பிரதியிலிருந்து பதினொரு பக்கத்தையும் ஒரே மூச்சில் தமிழாக்கினாள். அடுத்த நாள் பளீலின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீடு வீடாகப் போனாள். ஏழு பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே பறந்துவிட்டார்கள். கிருஷாந்தன் போவதில்லை என்று சொல்லிவிட்டான். மூன்று பேர் கடதாசியை வாசித்துவிட்டு மசூரிடம் கொடுத்த கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கப் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் தாய், போகும் வழியை மறித்துவிட்டாயே என்று ஸம்றாவின் முகத்துக்கு நேரே மண்ணை அள்ளி வீசினா.

ஏழாவது ஆள் சாய்ந்தமருது அஸ்ஹர். வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன், வயது இருபத்தொன்பது. மனைவி சுஹறா வாசற்படியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, நீங்க போய்ப் படிச்சி வந்த நாடுதானே” என்றான் அஸ்ஹர். “ஒங்களுக்கு ஒண்டும் நடக்கல்லயே.”

“நான் படிக்கப் போன. நீ சண்டைக்குப் போற.”

“எனக்கு அங்க ஒரு பகையும் இல்ல. குசினியில நிண்டு ஒரு வருசம் கழிச்சிட்டு வந்திருவன். ஹாஜியார் குர்ஆன்ல கை வைச்சிச் சொன்னவர்.”

“அந்தக் கையாலதான் ஒன்பதாம் பக்கத்தை மறைச்சவர்.”

சுஹறா கத்தியைக் கீழே வைத்தாள். “போகாதீங்க” என்றாள் புருஷனைப் பார்த்து. அஸ்ஹர் ஸம்றா தந்த கடதாசியை நான்காக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தான். அடுத்த கிழமை போய்விட்டான்.

இரண்டு மாதம் தொலைபேசியில் அவன் பேச்சு வந்தது, பிறகு நின்றுவிட்டது. சுஹறா ஒவ்வொரு வியாழனும் கடைக்கு வந்து பின்கதிரையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஸம்றா அவளை வைத்துக்கொண்டே ஃபரீதாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பதினெட்டு வருடமாகப் பெருநாளுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் ஃபரீதா. கஸானில் யாரையாவது விசாரிக்கலாமா, வைத்தியசாலைப் பட்டியல் எங்காவது கிடைக்குமா என்று கேட்டாள். பேச்சுக்கு நடுவில், இருபது வருடத்துக்கு முன் பழகிய சொல்லை, ‘வைனா’ என்ற சொல்லைச் சொன்னாள். போர் என்று அர்த்தம்.

மறுமுனையில் கதவொன்று சாத்தும் சத்தம் கேட்டது.

“அந்தச் சொல்லைச் சொல்லாதே, ஸம்றா ஸமதவ்னா” என்றாள் ஃபரீதா தாழ்ந்த குரலில். “நாங்கள் ‘அங்கே’ என்றுதான் சொல்வோம். என் மகனும் அங்கேதான்.”

“ஃபரீதா, இந்தப் பிள்ளையின் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும்…”

“உங்கள் ஆட்களை ஏன் அனுப்புகிறீர்கள்?” ஃபரீதாவின் குரல் தடித்தது. “நாங்களா வந்து கூப்பிட்டோம்?”

தொடர்பு அறுந்தது. மாலையில் ஸம்றா பார்த்தபோது ஃபரீதாவின் படமும் பெயரும் தொலைபேசியில் இருந்து காணாமல் போயிருந்தன. பணியாரத்தைப் பிய்த்துத் தந்த கை அது. சொல்லக் கூடாத சொல்லைப் பூட்டி வைத்துக்கொண்டு அந்த ஊர் சந்தைக்குப் போகிறது, காலுறை விற்கிறது, நோன்பு பிடிக்கிறது என்று நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு ஃபரீதாவோடு நிற்கவில்லை. பதினொன்றில் இரண்டு என்ற இலக்கத்தைக் கண்டும் பேசாமல் இருந்தவள் யார் என்று அது திரும்பிக் கேட்டது. சில நாள் ரஷ்ய எழுத்தைத் திரையில் காணவே முடியவில்லை. வந்த வேலைகளைத் திருப்பி அனுப்பினாள்.

அஸ்ஹர் போய் ஒன்பதாவது மாதம் திரும்பி வந்தான். காயப்பட்டுக் கிடந்த வைத்தியசாலையிலிருந்து யாரோ ஒரு தாதியின் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசி, தூதரகம் வரை ஆள் பிடித்து, எப்படியோ வந்து சேர்ந்தான். இடது கால் கணுக்காலுக்கு மேலே இல்லை. ஸம்றா பார்க்கப் போனபோது கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தான். சுஹறா தலைமாட்டில் நின்றாள். வீட்டில் மருந்தும் சீழும் கலந்த மணம் இருந்தது. முன்பு கடலில் கறுத்திருந்த முகம் சாம்பல் பூத்திருந்தது.

அவன் பேசியதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. குசினி முதல் நாலு நாள்தான். பிறகு குழி வெட்டினான், பெட்டி சுமந்தான், முன்னால் நடக்கச் சொன்னார்கள். எதிரே யார் என்று தெரியாது. பின்னால் நின்றவர்களைத்தான் தெரியும்.

“ராத்தா, ஒண்டு கேக்கணும்” என்றான். “எங்களக் கூப்பிடக்க ஒரு சொல் செல்லுவானுகள். என்னையும் அதுதான், கூட இரிந்த நேப்பாளக்காரனயும் அதுதான். நான் அவனுகள் எனக்கு வைச்ச பேரெண்டு நினைச்ச. கூப்பிட்டா எழும்பி ஓடுவன். மியாஸா, மியாஸா எண்டு. என்ன அது?”

ஸம்றா சுஹறாவைப் பார்த்தாள். வேறு ஏதாவது சொல்லிவிடலாம். தோழன் என்றோ, தம்பி என்றோ. இந்த அறையில் அதைச் சரிபார்க்க யாரும் இல்லை. ஹாஜியாரும் அப்படித்தானே இரண்டு பக்கத்தோடு நிறுத்தினார்.

“இறைச்சி” என்றாள்.

அஸ்ஹர் அவளையே பார்த்தான். “ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி… அந்த இறைச்சியா?”

“ஓம்.”

அவன் தலையை அசைத்தான். நீண்ட நாள் தேடிய சாமான் கிடைத்தவனைப் போலத்தான் முதலில் இருந்தது. பிறகு அவன் வாய் கோணியது. சுஹறா சட்டென்று சட்டி ஒன்றை எடுத்து அவன் நாடிக்குக் கீழே பிடித்தாள். பச்சைத் தண்ணீராக வாந்தி வந்தது. ஸம்றா அவன் முதுகைத் தடவினாள். மூன்று வருடம் படித்ததில் அந்த நேரத்துக்குக் கைகொடுத்தது அவ்வளவுதான்.

பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதென்று அன்றைக்கே முடிவாயிற்று. அஸ்ஹர் சொல்லச் சொல்ல ஸம்றா தமிழில் எழுதினாள். எந்த நாள் பறந்தான், எந்த ஊரில் சீருடை தந்தார்கள், யார் யார் கூட வந்தார்கள். எழுதி முடித்துக் கடைக்குக் கொண்டுவந்து பளீலிடம் காட்டினாள். தன் பங்குக்கு அவள் சேர்த்திருந்த கடைசிப் பந்தியை அவர் இரண்டு தரம் வாசித்தார். ‘ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பக்கங்களை மொழிபெயர்த்து முத்திரை இட்டவள் நான். மீதி ஒன்பது பக்கம் இருப்பது தெரிந்தும் கேட்டு வாங்கி வாசிக்கவில்லை’ என்று இருந்தது.

“இத எழுதாட்டி என்ன?” என்றார். “ஒன்னயும் பிடிச்சி உள்ள வைச்சிருவாங்க.”

“வைக்கட்டும்.”

“சனம் என்ன சொல்லும் எண்டு பாத்தியா?”

“சனம் இவ்வளவு நாளும் நல்லதா சொன்ன?”

பளீல் மூன்று பிரதி எடுத்தார்.

ஸம்றாவை உள்ளே வைக்கவில்லை. நான்கு தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை. மசூரைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள். போன பெருநாளுக்கு ஒரு கல்யாண வீட்டில் முன்வரிசைச் சகன் தட்டில் அவர் இருந்து சாப்பிடுவதைப் பளீல் கண்டுவிட்டு வந்து சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்குக் கையலம்பத் தண்ணீர் ஊற்றினார்களாம். முதலில் பறந்த இரண்டு பேரில் ஒருவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கிருஷாந்தன் திரும்பக் கட்டார் போகவில்லை. காரைதீவில் வீட்டுச் சுவர் ஒன்று கட்டுகிறான். அஸ்ஹருக்குச் செயற்கைக் கால் பொருத்தக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. கூட்டிக்கொண்டு போனது ஸம்றாவும் சுஹறாவும். இரயில் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டதும் அஸ்ஹர் யன்னலோரம் இருந்து, அங்கே பழகிய ரஷ்யச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினான். படு. எழும்பு. வேகமாக. பேசாதே. அவளும் ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம் சொன்னாள். இருபது சொல் போனதும் அவன் நிறுத்தினான்.

“நல்ல சொல் ஒண்டும் அந்தப் பாசையில இல்லையா ராத்தா?”

“இரிக்கி” என்றாள் ஸம்றா. “ஒனக்கு ஆரும் சொல்லல்ல.”

சொல்லும்படி அவன் கேட்கவில்லை. சுஹறா சோற்றுப் பொதியை அவிழ்த்து மூன்று பேருக்கும் பிரித்தாள்.